மறுப்பு என்னும் கருவி

ஓர் அரசு இயற்றும் சட்டத்தை வேறோர் அரசால் நீக்க இயலாது. ஆயினும், அவ்வரசுடன் கொண்டுள்ள வணிகத்தையோ அதற்கு அனுப்பும் உழைப்பையோ நிறுத்த இயலும். இவ்வாறு கொடுக்கல் வாங்கலை மறுத்து எதிர்ப்பைத் தெரிவிப்பதே பொருளாதாரப் புறக்கணிப்பு ஆகும்.

நகர மன்றத்தின் எதிர்ப்பு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2010 ஏப்ரலில் ஒரு சட்டம் இயற்றியது. காவலர் தடுத்து நிறுத்தும் ஒருவர் உரிய ஆவணமின்றிக் குடியேறியவர் என ஐயம் எழுந்தால், அவரது குடியேற்ற நிலையை ஆராய வேண்டும் என அது விதித்தது. அண்டை மாநிலமான கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றம், அரிசோனா நிறுவனங்களுடன் புதிய ஒப்பந்தங்களைத் தவிர்ப்பதென மே 12ஆம் நாள் தீர்மானித்தது. 2012இல் அச்சட்டத்தின் மூன்று பிரிவுகளை நீக்கியது நாட்டின் உச்ச நீதிமன்றமே. குடியேற்ற நிலையை ஆராயும் பிரிவு அப்போதும் நிலைத்தது.

மண்டபம் வழியாக

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வாங்குவதை மறுத்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, உழைப்பை அனுப்ப மறுத்த ஒரு நிகழ்வை இராமநாதபுரக் கடற்கரை கண்டது.

1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டபின், தமிழகத்திலிருந்து இலங்கை செல்வோர் தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் பயணம் செய்தனர். தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் தங்கி, மருத்துவ ஆய்வு முடிந்த பின்னரே கடல் கடந்தனர். இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்கள் அவர்தம் உழைப்பால் செழித்தன.

1939இல் இலங்கை அரசு, தன் துறைகளில் நாட்கூலி பெற்ற இந்தியர்களைப் பணிநீக்கம் செய்ய முற்பட்டது. சூலையில் இலங்கை சென்ற ஜவஹர்லால் நேருவின் பேச்சும் பயன் தரவில்லை. ஆகஸ்டு 1 முதல், பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது.

சுமையைத் தாங்கியவர்கள்

அத்தடையின் சுமை தொழிலாளர் மீதே விழுந்தது. உறவினரைக் காண ஊர் வந்தோர் மீண்டும் தோட்டம் திரும்ப இயலாது தவித்தனர்; இலங்கையில் இருந்தோர் ஊர் வர அஞ்சினர். யாருடைய உரிமைக்காகத் தடை விதிக்கப்பட்டதோ, அவர்களுடைய குடும்பங்களையே கடல் பிரித்தது. குடியுரிமைச் சிக்கலும் தீரவில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

சட்டமன்றத்தின் குரல்

இலங்கைத் தமிழர் தம் வாழிடங்களில் மீண்டும் குடியமர்ந்து சம உரிமை பெறும் வரை, இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்குமாறு நடுவண் அரசை வலியுறுத்தித் தமிழ்நாடு சட்டமன்றம் 2011 சூன் 8 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. அயல்நாட்டு வணிகம் ஒன்றியப் பட்டியலில் அடங்குவதால், மாநிலம் வலியுறுத்தவே இயன்றது.

எனவே, புறக்கணிப்பை ஆராய்வோர் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதைச் செய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது? அதன் இழப்பை யார் ஏற்கின்றனர்? இரண்டாம் வினாவின் விடையை, மண்டபத்தைக் கடக்க இயலாது நின்ற தொழிலாளர் தம் வாழ்வால் அறிந்திருந்தனர்.