கட்டிலருகே பயின்ற கல்வி

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மே 27ஆம் நாள், அவ்வாண்டு இறுதிவரை உயர்கல்விக்கூடங்களில் கற்றல் கற்பித்தல் இயங்கலை வழியே நடைபெறும் என்று உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. சில பிரிவினருக்கு மட்டுமே விலக்கு இருந்தது. பிற துறை மாணவர் வகுப்பறையிலிருந்து திரைக்கு மாறினர். மருத்துவ மாணவருக்கோ நோயாளியின் கட்டிலே வகுப்பறை. அதைத் திரைக்குள் கொண்டுவருவது எங்ஙனம்?

நம் மாநிலத்தில் 1997இல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியின் பாடத்திட்டத்தை எண்ணிப் பார்ப்போம். மாணவர் முற்பகுதியைக் கர்நாடகத்து மணிப்பாலிலும், நோயாளிகளைப் பார்த்துப் பயிலும் பிற்பகுதியை மலாக்காவிலும் கற்றனர். மார்ச் 25இல் இந்தியாவும் முடங்கியது. ஒரே வாரத்தில் இரு கரைகளும் அடைபட்டன.

திரை பயனற்றது என்று நாம் கூறவில்லை. ஊடுகதிர்ப் படத்தையும் பதிவுசெய்த இதய ஒலியையும் வேண்டிய மட்டும் மீண்டும் மீண்டும் பார்க்கவும் கேட்கவும் இயலும். நெரிசல் மிகுந்த மருத்துவமனைக் கூடத்தில் அது வாய்ப்பதில்லை. ஆனால் விரலுக்குத் திரை எதைக் கற்பிக்கும்? 1761இல் வியன்னா மருத்துவர் ஆவென்புருக்கர், மார்பை விரலால் தட்டி உள்ளிருப்பதை அறியும் முறையை நூலாக வெளியிட்டார். பலாப்பழத்தைத் தட்டிப் பதம் அறியும் நம் தோட்டத்து மக்களுக்கு இது புதிதன்று. தட்டத் தட்டவே அவ்வறிவு கைவரும்.

அதனினும் பெரிய இழப்பு நோயாளியின் சொல். மாணவர் ஆங்கிலத்தில் பயில்கின்றனர். மருத்துவமனையில் மலாய் பேசுகின்றனர். செர்காம், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்து முதிர்ந்த தமிழ்ப் பாட்டியோ, "கால் மதமதன்னு இருக்கு" என்பார். "வாயு நெஞ்சை அடைக்குது" என்பார். முன்னது இனிப்பு நீரால் நரம்பு பழுதுற்றதன் அடையாளமாக இருக்கலாம். பின்னதை வெறும் வாயு என்று தள்ளினால் மாரடைப்பைத் தவறவிட நேரும். இனிப்பு நீர் உடையோர்க்குத் தெளிவான நெஞ்சுவலி இன்றியும் மாரடைப்பு வரக்கூடும் அன்றோ! திரையில் சக மாணவர் ஒருவர் நோயாளியாக நடிக்கும்போது பாடநூலின் மொழியையே பேசுவார். பாட்டியின் சொல் அங்கே வராது.

மாணவர் மருத்துவமனைக்குத் திரும்பியபோதும் நிலைமை முன்போல் இல்லை. முகக்கவசம் உதட்டசைவை மறைத்தது. காது மந்தமான முதியோர்க்கு அதுவே பெருந்தடை. பார்வையாளர்க்குக் கட்டுப்பாடு இருந்தமையால், இடையில் நின்று மலாயில் எடுத்துரைக்கும் பேத்தியும் அருகில் இல்லை. தாதியரோ தமிழறிந்த பணியாளர் ஒருவரோ உதவினால்தான் உண்டு. நோயறிதலில் மொழிபெயர்ப்பாளர் எத்துணை இன்றியமையாதவர் என்பதை அக்காலம் காட்டியது.

ஆசிரியர்கள் இதில் செய்யத்தக்க சிறு பணி ஒன்று உண்டு. இடைநிலைப் பள்ளி மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம் நோயைக் குறிக்கும் சொற்களைக் கேட்டுத் தொகுக்கலாம். குடைச்சல், உளைச்சல், குத்தல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு என வலிக்கே எத்தனை பெயர்கள்! மூட்டில் குடைச்சல் என்பவர் வயிற்றில் கடுப்பு என்கிறார்.  ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே உடலின் எவ்விடம், எந்நேரம், எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்று எழுதி வைத்தால், மருத்துவ மாணவர் நோயாளியிடம் முதலில் கேட்கும் கேள்விகளும் அவையே.