வெளிநாடு போகும் சான்றிதழ்கள்: எந்த முத்திரைக்கு என்ன பொருள்?

குப்பத்தை அடுத்த சாந்திபுரம், மூன்று மாநிலங்கள் கூடும் பகுதியில் உள்ள ஊர். இங்கே பிறக்கும் பிள்ளை தமிழ்நாட்டில் படிப்பதும், கர்நாடகத்தில் வேலைக்குப் போவதும், அங்கேயே திருமணத்தைப் பதிவு செய்து கொள்வதும் சாதாரணம். எல்லையைக் கடக்க ஒரு பஸ் டிக்கெட் போதும். ஆனால் அதே பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, "சான்றிதழ்களை முறைப்படி உறுதி செய்து அனுப்புக" என்று கடிதம் வந்துவிட்டால், மூன்று மாநிலங்களும் மூன்று வாசல்களாக எதிரே நிற்கின்றன. எந்த வாசலில் எதற்காக நிற்பது என்று தெரியாததால் பணமும் நாளும் வீணாகின்றன. சில சமயம் வேலையே கைநழுவிப் போகிறது.

இந்தக் குழப்பத்திற்குப் பாதிக் காரணம் சொற்கள்தாம். அட்டெஸ்டேஷன், நோட்டரி, லீகலைசேஷன், அபோஸ்டில் ஆகிய நான்கையும் ஒன்றென எண்ணுவோர் பலர். ஆனால் நான்கும் வேறு வேறு.

நோட்டரி செய்வது என்ன?

அட்டெஸ்டேஷன் என்பது சான்றொப்பம். அசலைப் பார்த்து, "இது உண்மை நகல்" என்று அதிகாரி ஒருவர் கையெழுத்திடுவது அதன் எளிய வடிவம். உள்ளூர் விண்ணப்பங்களுக்கு அது போதும். கடல் தாண்டிப் போகும் காகிதத்திற்குப் போதாது.

நோட்டரி என்பவர் 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டப்படி நியமிக்கப்படுபவர். பிரமாணப் பத்திரத்தில் ஒருவர் தம் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்பதற்கும், நகல் அசலுடன் ஒத்திருக்கிறது என்பதற்கும் அவர் சாட்சி. அவருடைய சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. பல காகிதங்களுக்கு அது முதற்படி மட்டுமே.

சட்டபூர்வமாக்குவதா?

லீகலைசேஷன் என்ற சொல்லைக் கேட்டு, சட்டப்படி செல்லாததைச் செல்லுபடியாக்குவது என்று சிலர் பொருள் கொள்கின்றனர். அப்படியன்று. சாந்திபுரத்துப் பிறப்புச் சான்றிதழில் உள்ள கையெழுத்து உண்மையானதா என்று குவைத்தில் உள்ள அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. எனவே அந்தக் கையெழுத்திற்கு மாநில அரசும், மாநில அதிகாரியின் கையெழுத்திற்கு டில்லியின் வெளியுறவு அமைச்சகமும், அதற்கு அந்நாட்டுத் தூதரகமும் வரிசையாகச் சாட்சி சொல்கின்றன. இந்தச் சங்கிலிக்குத்தான் லீகலைசேஷன் என்று பெயர். நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் காகிதம் திரும்பி வரும்.

இந்தச் சங்கிலியைக் குறுக்கவே 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதன்படி ஒட்டப்படும் சான்றே அபோஸ்டில். இது பிரெஞ்சுச் சொல். சதுர வடிவில், எண்ணிட்ட 10 விவரங்களுடன் இருக்கும். இது இருந்தால் தூதரகத்திற்குப் போக வேண்டியதில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. பின்னர் சிங்கப்பூர் (2021), சவூதி அரேபியா (2022), கனடா (2024) ஆகியவற்றிலும் நடைமுறைக்கு வந்தது. குவைத், கத்தார் போன்ற நாடுகளுக்குப் பழைய தூதரக வழிதான். எனவே கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எந்த நாட்டுக்கு?" என்பதே.

எந்த மாநிலத்தின் காகிதம்?

இரண்டாவது கேள்வி நம் எல்லைப்புறத் தமிழர்களுக்கு மிக முக்கியமானது. ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பதை யாரும் பார்ப்பதில்லை. காகிதம் எங்கே பிறந்தது என்பதையே பார்க்கிறார்கள். சாந்திபுரத்துக்காரர் ஒருவரிடம் ஆந்திரத்தில் பெற்ற பிறப்புச் சான்றிதழ், வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகப் பட்டம், பெங்களூரில் பதிவான திருமணச் சான்றிதழ் மூன்றும் உள்ளன என்று வைத்துக் கொள்வோம். முதலாவது ஆந்திர அரசிடமும், இரண்டாவது தமிழக அரசிடமும், மூன்றாவது கர்நாடக அரசிடமும் போக வேண்டும். பட்டத்தை ஆந்திர அரசிடம் நீட்டிப் பயனில்லை; அந்தக் கையெழுத்தின் மாதிரி அங்கே இராது. பொதுவாகக் கல்விச் சான்றிதழ்களை மாநிலக் கல்வித் துறையும், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை உள்துறை அல்லது பொது நிர்வாகத் துறையும் உறுதி செய்கின்றன.

அதன் பிறகே வெளியுறவு அமைச்சகம். 2012 ஜூலை முதல் அமைச்சகம் தனி நபர்களிடம் நேரே காகிதம் வாங்குவதில்லை. அது அமர்த்திய நிறுவனங்களின் வழியாகவே கொடுக்க வேண்டும். 2019 முதல் சென்னை, ஐதராபாத் உள்ளிட்ட நகரங்களிலும் இந்தச் சேவை கிடைப்பதால் டில்லி வரை ஓட வேண்டியதில்லை. "டில்லியில் ஆள் இருக்கிறது" என்று பெருந்தொகை கேட்பவரிடம் அசலைக் கொடுக்குமுன், அவர் அந்த நிறுவனங்களைச் சேர்ந்தவர்தானா என்று விசாரிப்பது நல்லது.

சான்றிதழ் தெலுங்கில் இருந்தால் மொழிபெயர்ப்பு கேட்கப்படலாம். மொழிபெயர்ப்பு தனிக் காகிதம். அசலின் மீதுள்ள முத்திரை அதற்குச் செல்லாது. அதையும் தனியே உறுதி செய்ய வேண்டும்.

அங்கிருந்து வரும் பவர் பத்திரம்

காகிதம் எதிர்த் திசையிலும் பயணம் செய்கிறது. வெளிநாட்டில் உள்ள மகன், ஊரிலுள்ள நிலத்தை விற்கத் தந்தைக்குப் பவர் பத்திரம் அனுப்புகிறார். வெறும் கையெழுத்திட்டுத் தபாலில் போட்டால் பத்திரப் பதிவு அலுவலகம் ஏற்காது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அங்குள்ள நோட்டரி, நீதிமன்றம் அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் அது எழுதிக் கொடுக்கப்பட்டு, உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும். இந்தக் கெடுவை மறந்து, பேரம் முடிந்த நிலத்தைப் பதிவு செய்ய முடியாமல் தவிக்க நேரிடலாம்.

கடைசியாக ஒன்று. அபோஸ்டில் உட்பட எந்த முத்திரையும் காகிதத்தில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதில்லை. கையெழுத்து இன்னாருடையது, அவர் இன்ன பதவியில் இருந்தார், முத்திரை அந்த அலுவலகத்தினுடையது என்று மட்டுமே சொல்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயரும் இருந்தால், எத்தனை முத்திரை விழுந்தாலும் பிழை பிழையாகவே கடல் கடக்கும். தெலுங்கில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்துக்கு மாறும்போது எழுத்து மாறிவிடுவது இந்தப் பகுதியில் புதிதன்று. ஆகவே முத்திரைக்கு அலையுமுன் வீட்டில் உட்கார்ந்து எல்லாக் காகிதங்களையும் அருகருகே வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.