தரவுத்தளங்களில் வட்டுக்கு எழுதும் இயல்பமைப்பு: இயங்குதள வேறுபாடுகளும் பாதுகாப்பும்

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் நெசவுத்தொழிலால் அறியப்பட்ட ஊர். அத்தகைய ஊரின் விசைத்தறிக் கூடமொன்றில் நூல் இருப்பும் நெசவுக் கூலியும் கணினியில் பதியப்படுவதாகக் கொள்ளலாம். ‘பதிவாயிற்று’ என்று திரை காட்டிய மறுநொடியே மின்சாரம் நின்றால் அக்கூலிக் கணக்கு எஞ்சுமா என்பதே இங்கு வினா.

எழுதப்படும் தரவு முதலில் இயங்குதளத்தின் நினைவகத்திலும், அடுத்து வட்டின் உள்நினைவகத்திலும் தங்கி, இறுதியில்தான் நிலையான பரப்பை அடைகிறது. முதலிரு இடங்களில் உள்ளது மின்தடையில் அழியக்கூடும். ‘எஃப்சிங்க்’ என்னும் அழைப்பு தரவை இறுதிவரை கொண்டுசேர்க்கும் என நிரலாளர் நம்புவர். லினக்ஸின் இன்றைய கோப்பு முறைமைகள் வட்டின் உள்நினைவகத்தையும் வெறுமையாக்கப் பணிக்கின்றன. மேக்ஓஎஸ்ஸிலோ அதே அழைப்பு தரவை வட்டிடம் ஒப்படைப்பதோடு நின்றுவிடும். பரப்புவரை செலுத்த ‘எஃப்_ஃபுல்எஃப்சிங்க்’ என்னும் தனி ஆணை வேண்டும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இயல்பமைப்பு லினக்ஸில் ‘எஃப்டேட்டாசிங்க்’. விண்டோஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும் ‘ஓப்பன்_டேட்டாசிங்க்’. பின்னது வட்டின் உள்நினைவகத்தைக் கடக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் விண்டோஸில் ‘எஃப்சிங்க்’கும் மேக்ஓஎஸ்ஸில் ‘எஃப்சிங்க்_ரைட்த்ரூ’வும் தெரிந்தெடுக்கத் தக்கவை. எஸ்கியூலைட்டும் ‘ஃபுல்எஃப்சிங்க்’ அமைப்பை இயல்பில் அணைத்தே வைத்துள்ளது.

இவ்விட்டுக்கொடுப்புக்குக் காரணம் வேகம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 முறையே சுழல்கிறது; ஆகவே ஓர் இணைப்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் பரிவர்த்தனைகள் அவ்வெண்ணைப் பெரிதும் தாண்ட இயலாது. மின்கலக் காப்பற்ற அத்தகைய வட்டில் சோதனை ஆயிரக்கணக்கில் காட்டுமாயின், தரவு பரப்பை அடையவில்லை என்றே கொள்ள வேண்டும். தறிக்கூடத்துக் கணக்குக்கு நொடிக்கு 120 பதிவுகளே மிகை.

விரைவு இன்றியமையாத இடத்தில் போஸ்ட்கிரெஸ்ஸின் ‘சிங்க்ரனஸ்_கமிட்’டை அணைக்கலாம், இயல்பான அளவீட்டில் இறுதி 600 மில்லிநொடிப் பதிவுகள்வரை இழக்க நேரும், ஆயினும் எஞ்சியவை முரணின்றி நிற்கும். ‘எஃப்சிங்க்’கையே அணைத்தால் தரவுத்தளம் முழுவதும் சிதையக்கூடும். இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவோர் பலர்.

2018இல் வேறொரு குறை வெளிப்பட்டது. லினக்ஸில் ‘எஃப்சிங்க்’ ஒருமுறை தோற்றபின் மீண்டும் அழைத்தால், எழுதப்படாத தரவு கைவிடப்பட்டிருந்தும் வெற்றி என்றே விடை வரக்கூடும். 2019 பிப்ரவரியில் வெளியான 11.2 பதிப்புமுதல், அத்தகைய தோல்வியில் போஸ்ட்கிரெஸ் உடனே நின்று, முன்னெழுது பதிவேட்டிலிருந்து தன்னை மீட்டுக்கொள்கிறது. தோல்விக்குப் பின்னும் தரவை நினைவகத்தில் காத்து வைக்கும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இயல்பமைப்பு இதுவே. பிழையைக் கையாள்வதில் நம்பகம் குறைந்த இயங்குதளத்தை அளவுகோலாகக் கொண்ட அத்தரவுத்தளம், எழுதும் முறையில் மட்டும் அவ்வாறு செய்யவில்லை.