வேடம் கட்டும் சங்கங்களும் இறுதிக் கடனும்



தோட்டத்து லயத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டால், அழுகைக்கு நடுவே மெல்லிய குரலில் ஒரு கேள்வி எழும். "சகாய நிதிக்குச் சந்தா கட்டியிருந்தாரா?" கட்டியிருந்தால் பெட்டிக்கும் வண்டிக்கும் கவலையில்லை. இல்லையென்றால், யாராவது ஒருவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். அந்தத் தாளை எழுதித் தரும் வேலை பெரும்பாலும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத்தான் வரும். நாமும் எழுதியிருக்கிறோம். மேலே இறந்தவர் பெயர். கீழே ஐந்து வெள்ளி, இரண்டு வெள்ளி என்று வரிசையாகக் கையெழுத்துகள். சாவுத் துயரத்தைவிட அந்தத் தாளை நீட்டும் கூச்சம்தான் சில குடும்பங்களை அதிகமாக வாட்டியது.

இதே கேள்வியோடு வாழ்ந்த இன்னொரு மக்கள் கூட்டத்தைப் பற்றி இன்று பேசுவோம். அவர்களும் தோட்டப் பாட்டாளிகளின் வழிவந்தவர்கள்தாம். அமெரிக்காவின் தென்கோடியில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் அவர்கள். அந்நகரத்தைச் சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். அவற்றில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை கிடைத்தது, ஆனால் நோய்க்கு மருந்தும் சாவுக்குப் பெட்டியும் கிடைக்கவில்லை. காப்புறுதி நிறுவனங்கள் கறுப்பரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அல்லது அவர்களிடம் கூடுதல் பணம் கேட்டன.

ஆகவே அவர்கள் தமக்குள்ளேயே சங்கம் கட்டினார்கள். சங்கங்கள் முன்பும் சில இருந்தன. விடுதலைக்குப் பின் அவை பெருகின. துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர், சமையற்காரர், சலவைக்காரிகள் என எல்லாரும் மாதந்தோறும் சிறு தொகை கட்டினர். அந்தப் பணத்தில் சங்கம் ஒரு மருத்துவரை அமர்த்திக்கொள்ளும். உறுப்பினர் படுத்துவிட்டால் மருந்து போகும். முறைவைத்து ஆள் போய்ப் பார்த்துவருவார்கள். இறந்துவிட்டால் அடக்கச் செலவு முழுவதும் சங்கத்தினுடையது. 1884இல் தோன்றிய யங் மென் ஒலிம்பியன் என்னும் சங்கம் இன்றும் இருக்கிறது.

அடக்கம் என்றால் வெறும் குழியன்று. தோண்டினால் தண்ணீர் ஊறும் தாழ்ந்த பூமி அது. ஆதலால் தரைக்கு மேலே செங்கல்லால் மாடம் கட்டி, அதனுள்ளே பெட்டியை வைத்து அடைத்துவிடுவார்கள். தனி மாடம் கட்டப் பணக்காரரால்தான் முடியும். ஏழைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சங்கமே அடுக்கடுக்காக அறைகள் கொண்ட பெரிய மாடம் ஒன்றைக் கட்டியது. வெயிலில் அந்தச் செங்கல் அறை அடுப்பைப்போலச் சூடேறும். உடல் விரைவில் மக்கிவிடும். ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழிந்தபின் திறக்கலாம் என்பது வழக்கம். எலும்புகளை ஒருபுறமாகச் சேர்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்கள். லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் மாண்ட பிறகும் அடுத்தடுத்தே இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சங்கத்தின் கடமையில் வாத்தியமும் அடங்கும். பேண்டு வாத்தியக்காரர்கள் முன்னே போவார்கள். தோளில் பட்டை அணிந்த சங்கத் தலைவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்து, அடிமேல் அடிவைத்து நடப்பார். முரசின் ஓசையை அடக்கியிருப்பார்கள். இடுகாட்டுப் பாதை முழுவதும் சோக இசை. அடக்கம் முடிந்ததும், அல்லது சவ வண்டியைத் தனியே போகவிட்டு ஊர்வலம் விலகி நின்றதும், முரசு திடீரென்று முழங்கும். துள்ளல் இசை! குடையை விரித்து, கைக்குட்டையை வீசி, பின்னால் வரும் ஊர்மக்கள் எல்லாரும் ஆடுவார்கள். அவர்களுக்கு 'இரண்டாம் வரிசை' என்று பெயர். சாவு வீட்டிலே ஆட்டமா என்று நம்மில் யாரும் முகம் சுளிக்க மாட்டோம். தப்படிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

இனி வேடத்திற்கு வருவோம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள் அங்கே 'மார்டி கிரா' என்னும் பெருவிழா. 1909இல் கூலித் தொழிலாளிகள் சிலர் ஒரு நாடகத்தில் ஆப்பிரிக்க ஸூலு அரசனைப் பற்றிய காட்சியைக் கண்டனர். நாமும் அரசனாவோம் என்று புறப்பட்டனர். அவர்களின் முதல் அரசன் கொழுப்புத் தகரத்தைக் கிரீடமாகவும் வாழைத்தண்டைச் செங்கோலாகவும் கொண்டு வீதிவலம் வந்தான். வெள்ளைக்காரச் சீமான்களின் தங்கக் கிரீட ஊர்வலத்திற்கு அது தக்க நையாண்டி! 1916இல் அது ஸூலு சமூக உதவி மற்றும் கேளிக்கைச் சங்கமாகப் பதிவாயிற்று. உதவியும் கேளிக்கையும் ஒரே பெயரில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். புகழ்பெற்ற இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்டிராங் அந்நகரத்து ஏழைச் சிறுவன். இளமையில் சவ ஊர்வலங்களில் வாசித்தவர். அவரே 1949இல் ஸூலு அரசனாக வேடம் கட்டினார்.

குறையும் உண்டு. முகத்திலே கரி பூசி, புல்லாடை கட்டும் அந்த வேடம் தம் இனத்தையே இழிவுபடுத்துகிறது என்று 1960களில் கறுப்பர்களே கண்டித்தனர். உறுப்பினர் பலர் விலகினர். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் சங்கம் சாகவில்லை.

இன்னொரு கூட்டத்தார் செவ்விந்தியராக வேடம் பூணுகிறார்கள். தப்பியோடிய அடிமைகளுக்கு அந்தப் பூர்வகுடிகள் அடைக்கலம் தந்ததற்கு நன்றி என்று காரணம் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் உண்டு. ஒற்றன் முன்னே ஓடி எதிர்க்கூட்டத்தைப் பார்ப்பான். கொடிக்காரன் சைகை காட்டுவான். முரடன் கூட்டத்தை விலக்குவான். பெருந்தலைவன் பின்னே வருவான். எழுதிவைத்த வசனம் கிடையாது, தெருவே மேடை. முற்காலத்தில் இரு கூட்டங்கள் சந்தித்தால் கத்திக்குத்து நடந்ததுண்டு. பிறகு, யார் உடை அழகு என்பதே போட்டியாயிற்று. அந்த மாற்றத்திற்குப் பெரிதும் காரணமானவர் ஆலிசன் மோண்டானா. சுவர்ப்பூச்சுக்கு அடிச்சட்டம் அடிக்கும் கட்டடத் தொழிலாளி அவர். பகலெல்லாம் சுத்தியல், இரவெல்லாம் ஊசி. பாசிமணியும் இறகும் தைத்து ஆண்டுதோறும் புது உடை செய்வார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வேடம் கட்டினார்.

2005 மார்ச் மாதத்தில் இவர்களின் விழாக் கூட்டத்தைப் போலீசார் கலைத்தனர். ஜூன் 27ஆம் நாள் நகராண்மைக் கழகக் கூட்டத்தில் மோண்டானா எழுந்து, தலைமுறையாகப் பட்ட அவமானத்தைச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார், உயிர் பிரிந்தது. அவருக்கு 82 வயது. போட்டியிட்ட கூட்டங்களின் தலைவர்களும் அங்கே ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு தங்கள் வழிபாட்டுப் பாடலைப் பாடினார்கள்.

நேயர்கள் ஒன்று கேட்கலாம். பிற்காலத்தில் காப்புறுதி பலருக்கும் கிடைத்ததே, பிறகு சங்கம் எதற்கு? உண்மைதான். அடக்கச் செலவுக்காக மட்டும் இருந்த பழைய சங்கங்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. ஆட்டமும் வேடமும் கொண்டவை நின்றன. சாவை நினைத்து மாதாமாதம் சந்தா கட்ட மனிதனுக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. ஊர்வலத்தை நினைத்துக் கட்டினால் அந்தச் சலிப்பு வருவதில்லை என்பது நம் எண்ணம்.

மோண்டானா இறந்து இரண்டு மாதத்தில், ஆகஸ்டு 29ஆம் நாள், கத்ரீனா சூறாவளி வந்தது. கரைகள் உடைந்தன, நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சங்கத்தார் ஹூஸ்டன், அட்லாண்டா என்று சிதறினர். அடுத்த ஆண்டே தூரத்து ஊர்களிலிருந்து வண்டி பிடித்து வந்து ஊர்வலம் நடந்தார்கள். ஊர்வலத்திற்குரிய போலீஸ் கட்டணத்தை நகரம் உயர்த்தியபோது சங்கங்கள் ஒன்றுகூடி வழக்காடின; 2007இல் கட்டணம் குறைந்தது. 2020இல் கோவிட் நோய் ஸூலு சங்கத்தாரில் பலரைக் கொண்டுபோனது. கூட்டம் கூடத் தடை இருந்ததால் அவர்களை வாத்தியமில்லாமலே அடக்கம் செய்ய நேர்ந்தது.

இப்போதும் ஆண்டின் பெரும்பகுதியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதாவதொரு சங்கம் புதுச்சட்டை, புதுச்செருப்போடு நான்கு மணி நேரம் தெருத்தெருவாக ஆடிப்போகிறது. வழியிலே இறந்துபோன உறுப்பினரின் வீடு வந்தால் ஊர்வலம் நிற்கும். வாத்தியம் மெதுவாகும், தொப்பிகள் இறங்கும். உள்ளேயிருந்து அவருடைய வீட்டார் வாசலுக்கு வருவார்கள். சிறிது நேரம் கழித்து முரசுக்காரர் மறுபடியும் அடிக்கத் தொடங்குவார்.