பார்த்ததும் பிடிச்சுதா... நம்பலாமா?

'அவசரப்பட்டு வாங்காதே, நாலு தடவை யோசி!' - கடைக்குக் கிளம்பும்போது வீட்டுல தவறாம கிடைக்கிற அட்வைஸ். ஆனா, ரொம்ப யோசிச்சா ஜாம் விஷயத்துலகூட சொதப்பிடுவோம்னு காட்டியிருக்காங்க ரெண்டு அமெரிக்க சைக்காலஜிஸ்டுகள்!

திமோதி வில்சன், ஜோனதன் ஸ்கூலர். 1991-ல் இவங்க வெளியிட்ட ஆய்வு செம சிம்பிள். 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகைக்காக நிபுணர்கள் ஏற்கெனவே ரேங்க் போட்ட ஸ்ட்ராபெரி ஜாம்கள்ல அஞ்சை எடுத்தாங்க. முதல் ரேங்க்கும் உண்டு, 44-வது ரேங்க்கும் உண்டு. காலேஜ் பசங்ககிட்ட கொடுத்து மார்க் போடச் சொன்னாங்க. சும்மா ருசி பார்த்து மார்க் போட்டவங்களுக்கும் நிபுணர்களுக்கும் இருந்த கோரிலேஷன் 0.55. (பாதி க்ளாஸை அரியர்ல விடுமே, அதே கோரிலேஷன்தான்! 1-ன்னா அப்படியே ஒத்துப்போகுது, 0-ன்னா சம்பந்தமே இல்லை.) இன்னொரு குரூப்பை, 'ஏன் பிடிச்சுது, ஏன் பிடிக்கலைனு யோசிச்சு எழுதிட்டு மார்க் போடுங்க'ன்னாங்க. அவங்க ஸ்கோர்? வெறும் 0.11!

நாக்குக்கு ருசி தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. பேனாவைக் கையில கொடுத்தா 'கொஞ்சம் கெட்டியா இருக்கு', 'விதை தட்டுப்படுது'னு எழுத வர்றதை எழுதிடறோம். அப்புறம் அதுக்கு ஏத்தமாதிரி மார்க்கும் மாறிடுது. 1993-ல் வில்சன் டீம் போஸ்டர்களை வெச்சு சோதிச்சப்பவும் அதே கதைதான். காரணம் சொல்லிட்டுப் போஸ்டரை எடுத்துட்டுப் போனவங்களுக்குத்தான் சில வாரம் கழிச்சுத் திருப்தி கம்மி.

அப்ப கண்ணை மூடிட்டு வாங்கிடலாமா? வெயிட் பாஸ், கோக் கதை இருக்கு!

1975-ல் 'பெப்சி சேலஞ்ச்' ஆரம்பிச்சது. எது எந்த பிராண்டுனு தெரியாம ரெண்டு குட்டிக் கப். நிறைய பேர் கைகாட்டினது பெப்சியை! ஆடிப்போன கோக், ஃபார்முலாவையே மாத்தி இனிப்பைக் கூட்டுச்சு. ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குக் கொடுத்து டெஸ்ட் பண்ணி, 'புதுசுதான் டாப்'னு ரிசல்ட் வந்த பிறகே 1985 ஏப்ரல் 23-ல் 'நியூ கோக்'கை இறக்கினாங்க. ஜனங்க கொந்தளிச்சுட்டாங்க. 79 நாள்ல பழைய கோக் ரிட்டர்ன்!

அந்த 2 லட்சம் நாக்கும் பொய் சொல்லலை. ஒரு மடக்குல இனிப்புதான் ஜெயிக்கும். அதையே முழு கேனா, தினம் தினம் குடிச்சா திகட்டலாம். தவிர, பழைய கோக் மேல இருந்த பாசத்தை எந்தக் கப்ல ஊத்தி டெஸ்ட் பண்றது?

ஹெட்போன் வாங்கப் போறீங்களா? சவுண்ட் பிடிச்சுதானு ரெண்டு பாட்டுல தெரிஞ்சுடும், அதுக்கு மேல மண்டையைக் குடைய வேணாம். மூணு மணி நேரம் மாட்டினா காது வலிக்குமாங்கறதை மட்டும், ஏற்கெனவே வாங்கின ஃப்ரெண்ட்கிட்ட கேட்டுட்டுப் போங்க!