வீணாகாத உணவும் வாழும் தேனீயும்

மார்க்கம் வீண்விரயத்தைத் தடுக்கிறது. திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கி நிற்கிறது. இவ்விரு படிப்பினைகளையும் நம் வீட்டு மாடியிலேயே பேணலாம்.

துளையிட்ட மண்தொட்டியில் காய்கறிக் கழிவு ஒரு பங்கும், காய்ந்த சருகு இரு பங்கும் அடுக்கடுக்காக இடுங்கள். இறைச்சி, மீன், எண்ணெய் கூடாது. நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்று பொருள். சருகு சேர்த்துக் கிளறுங்கள். சுமார் 3 மாதங்களில் மண்வாசனையுடன் உரம் கிடைக்கும்.

அவ்வுரத்தில் முருங்கையும் சூரியகாந்தியும் வளர்த்து, கொட்டாத இனமான கொசுத்தேனீயின் சிறு பெட்டியை நிழலில் வையுங்கள். ஆனால், பூக்களில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி தேனீக்களைக் கொன்றுவிடும். ஆகவே, பெட்டி வாங்கும் முன்பே அதைக் கைவிடுங்கள். நம்மை நம்பிக் கூடு கட்டும் உயிரும் அமானிதமே!