ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்: வாத்தியார் வாக்கிலிருந்து கையெழுத்துத் தாள் வரை

அமெரிக்காவில் பள்ளி திறக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரமே ஒரு கட்டுத் தாளோடு வீட்டுக்கு வருவார்கள். பாடத்துக்கு ஒன்றாக, வகுப்பின் எதிர்பார்ப்புகளும் விதிமுறைகளும் அதில் இருக்கும். ஆங்கில வகுப்புக்கான தாளை எடுத்துப் பார்த்தால், இந்த ஆண்டு படிக்கப்போகும் நூல்கள், கட்டுரைக்கு எத்தனை விழுக்காடு, வீட்டுப்பாடம் தாமதமானால் என்ன ஆகும், அடுத்தவர் எழுத்தை எடுத்தாண்டால் என்ன ஆகும், கைபேசி எங்கே இருக்க வேண்டும், சாட்ஜிபிடியை எதற்குத் தொடலாம், எதற்குத் தொடக்கூடாது என எல்லாம் வரிசையாக இருக்கும். அடியில் மாணவருக்கு ஒரு கோடு, பெற்றோருக்கு ஒரு கோடு. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இவர்களுடைய தாத்தா பாட்டி காலத்து வகுப்பில் இவ்வளவு எழுத்து கிடையாது. சட்டம் பெரும்பாலும் ஆசிரியரின் வாயில் இருந்தது. எதற்கு மதிப்பெண் குறையும், யாருக்குச் சலுகை கிடைக்கும் என்பதைப் பிள்ளைகள் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். இன்றைய தாளின் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சண்டையோ, ஒரு வழக்கோ, ஒரு புதுக் கருவியோ இருக்கிறது.

அங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்பதில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிகிறது. முதலாண்டு மாணவரை ஃப்ரெஷ்மேன் என்பார்கள். நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பு, பொதுத்தேர்வுக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு விடும் ஆண்டு. அங்கே உயர்நிலைப் படிப்பின் மதிப்பெண் பட்டியலே ஒன்பதிலிருந்துதான் எழுதப்படுகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். முதலாண்டில் போதிய பாடங்களை முடித்து, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் வாங்காத மாணவர், மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேலான வாய்ப்போடு நான்கு ஆண்டில் பள்ளிப் படிப்பை முடிக்கிறார். முதலாண்டுத் தாள் இவ்வளவு விரிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூல்களை யார் தேர்ந்தார்கள்?

அன்று பட்டியலைப் போட்டவை கல்லூரிகள். 1870-களில் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் கட்டாயமாக்கியது. கட்டுரைத் தலைப்பு குறிப்பிட்ட இலக்கிய நூல்களிலிருந்து வரும். மற்ற கல்லூரிகளும் பின்தொடர, 1894-ல் பட்டியலை ஒரே சீராக்க மாநாடு கூடியது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்', ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்', அமெரிக்கக் குடியேற்றங்களோடு சமரசம் வேண்டும் என்று எட்மண்ட் பர்க் ஆற்றிய நாடாளுமன்ற உரை ஆகியவை பள்ளிகளில் வேரூன்றியது இப்படித்தான். 1900-ல் அந்த வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் அளவில்தான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். அந்தச் சிலரிலும் கல்லூரிக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே பாடம் வகுக்கப்பட்டது.

இதை எதிர்த்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். 1911-ல் சிகாகோவில் ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம் தொடங்கப்பட்டதற்கு, கல்லூரிப் பட்டியலின் மேலிருந்த கசப்பு முக்கியக் காரணம். 1940 வாக்கில் அந்த வயதினரில் ஏறத்தாழ நான்கில் மூவர் பள்ளியில் இருந்தார்கள். விவசாயி மகனும் ஆலைத் தொழிலாளி மகளும் வந்து உட்கார்ந்த வகுப்பில் பர்க்கின் உரை நிற்க முடியவில்லை. ஆனால் பட்டியல் என்னும் பழக்கம் நின்றது. கல்வி ஆய்வாளர் ஆர்தர் ஆப்பிள்பீ 1989-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிகளில் அதிகம் பாடமான நூல்களில் முதலிடம் 'ரோமியோ ஜூலியட்'டுக்கு. முதல் பத்தில் பெண் எழுத்தாளர் ஒரே ஒருவர், ஹார்ப்பர் லீ. வெள்ளையர் அல்லாத எழுத்தாளர் ஒருவர்கூட இல்லை.

அந்த ஹார்ப்பர் லீயின் கதையே இன்றைய நிலைக்குச் சாட்சி. 1960-ல் வந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற 'டு கில் எ மாக்கிங்பேர்ட்', நிறவெறிக்கு எதிரான நூல் என்று தலைமுறைகளாக ஒன்பதாம் வகுப்பில் பாடமானது. 2022 ஜனவரியில், வாஷிங்டன் மாநிலத்தின் முக்கில்டியோ கல்வி மாவட்டம் அதை ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்தது. கறுப்பினப் பாத்திரங்களை வெள்ளையர் கண்ணால் மட்டுமே காட்டுகிறது, இழிசொற்கள் கறுப்பின மாணவர்களைப் புண்படுத்துகின்றன என்பது ஆசிரியர்கள் வைத்த வாதம். நூலைத் தடை செய்யவில்லை. விரும்பும் ஆசிரியர் நடத்தலாம். வேறு மாநிலங்களிலோ எதிர்த் திசையிலிருந்து நெருக்கடி வருகிறது. இனம், பாலினம் பற்றிய புது நூல்களைப் பெற்றோர் குழுக்கள் நீக்கச் சொல்கின்றன.

அதனால் இன்றைய தாளில் நூல் பட்டியலுக்குக் கீழே, பெற்றோருக்கு ஆட்சேபம் இருந்தால் மாற்று நூல் தரப்படும் என்ற வரியைப் பல இடங்களில் காணலாம். பட்டியலும் மாறியது: மெக்சிக அமெரிக்க எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்னேரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' போன்ற நூல்கள் அதில் இடம்பிடித்துவிட்டன. 2010-ல் வந்து பெரும்பாலான மாநிலங்கள் ஏற்ற 'காமன் கோர்' பாடத்தரம், கதை கவிதையோடு உரைகள், ஆவணங்கள், கட்டுரைகளுக்கும் இடம் கேட்டது. இதன் விலை, முழு நாவல்களின் எண்ணிக்கை குறைந்து துண்டுப் பகுதிகள் பெருகியது. அங்குள்ள ஆசிரியர்கள் பலரின் மனக்குறை இதுதான்.

இலக்கணப் புத்தகமும் மதிப்பீட்டு அட்டவணையும்

எழுதக் கற்பது என்றால் அன்று முதலில் இலக்கணம். வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரித்து வரைபடமாக்கும் முறையை ரீட், கெல்லாக் என்ற இருவர் 1877-ல் புத்தகமாக்கினார்கள். 1940-களிலிருந்து பல பத்தாண்டுகள் ஜான் வாரினரின் இலக்கண நூல்கள் ஆட்சி செய்தன. திருத்தி வரும் கட்டுரை சிவப்பு மையால் நிறைந்திருக்கும். அதை மீண்டும் எழுதிக் காட்டும் வழக்கம் குறைவு.

1963-ல் ஆசிரியர் மன்றமே வெளியிட்ட ஆய்வறிக்கை இந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் எழுத்து மேம்படுவதில்லை. எழுதும் நேரத்தை அது தின்றுவிடுவதால் கெடுதலாகவும் முடியலாம் என்றது. இன்று ஒன்பதாம் வகுப்பில் கேட்பது வேறு: ஒரு கருத்தை நிறுவு, நூலிலிருந்து சான்று காட்டு, எதிர்வாதத்துக்குப் பதில் சொல். முதல் வரைவு, சக மாணவரின் கருத்து, திருத்தம், இறுதி வரைவு என்று ஒரே கட்டுரை பல கட்டம் போகும்.

மதிப்பெண் போடும் முறையும் மாறியது. 1912-ல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் உயர்நிலைப் பள்ளி ஆங்கில விடைத்தாள்கள் இரண்டைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு ஒருவர் 64 போட, இன்னொருவர் 98 போட்டிருந்தார். மற்றதற்கு 50 முதல் 97 வரை வந்தது. மதிப்பெண் திருத்துகிறவரின் கையையும் பொறுத்தது என்பது அன்றே வெளிச்சமாகிவிட்டது. இன்று கட்டுரையோடு சேர்த்தே ரூப்ரிக் என்னும் மதிப்பீட்டு அட்டவணை தரப்படுகிறது. வாதத்துக்கு இத்தனை, சான்றுக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை என்று எழுதுவதற்கு முன்பே தெரியும்.

பெற்றோருக்கும் தெரியும். பிள்ளையின் பள்ளி ஆவணங்களைப் பார்க்கும் உரிமையை 1974-ன் கூட்டரசுச் சட்டம் தந்தது. இணையம் அந்த உரிமையைக் கைக்குள் கொண்டுவந்தது. பவர்ஸ்கூல், கேன்வாஸ் போன்ற தளங்களில் நேற்றைய வினாடிவினாவின் மதிப்பெண்ணை இன்று காலை பார்த்துவிடலாம். நியூஜெர்சியிலும் டாலஸிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரில் சிலர் இதைப் பங்குச் சந்தை போல நாள்தோறும் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு அது நிம்மதியா என்பதைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

தாமதமும் பூஜ்ஜியமும்

அன்று கெடு என்றால் கெடு. தராதவருக்கு முட்டை. இன்று பல தாள்களில் தாமத விதியே தனிப் பத்தி: நாளுக்கு இத்தனை விழுக்காடு கழிவு, இத்தனை நாளுக்குப் பின் ஏற்பதில்லை, கட்டுரையை ஒருமுறை திருத்தி மீண்டும் தரலாம்.

இதன் பின்னே எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நான்கு பாடவேலைகளில் 90 வாங்கிய பிள்ளை ஐந்தாவதைத் தரவில்லை என்றால் சராசரி 72-க்கு விழும். பூஜ்ஜியத்துக்குப் பதில் 50 என்று வைத்தால் 82. மதிப்பெண் காட்ட வேண்டியது கற்றதையா, ஒழுக்கத்தையா என்பதுதான் கேள்வி. கல்வியாளர் ஜோ ஃபெல்ட்மன் 2018-ல் எழுதிய நூலுக்குப் பின், கற்றதை மட்டுமே மதிப்பிடும் அணுகுமுறை 'சமத்துவ மதிப்பீடு' என்ற பெயரில் பரவியது. எதிர்ப்பும் வலுத்தது. சான் பிரான்சிஸ்கோ கல்வி மாவட்டம் 2025 மே மாதம் இதை முன்வைத்து, பெற்றோரும் அரசியல்வாதிகளும் கொதித்ததும் அதே மாதம் கைவிட்டது.

சர்ச்சை குறைந்த மாற்றமும் உண்டு. 1973, 1975 ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின், கற்றல் குறைபாடோ உடற்குறையோ உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரமும் தனித்திட்டமும் சட்டப்படி உரிமை. ஆங்கிலம் புரியாத சீனப் பிள்ளைகளை உதவியின்றி வகுப்பில் உட்கார வைத்தது தவறு என்று 1974-ல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பதினான்கு வயதில் போய்ச் சேரும் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்க இன்று தனி உதவி கிடைப்பதற்கு அந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம்.

அடுத்தவர் எழுத்து

அன்று நகல் என்றால் கலைக்களஞ்சியத்திலிருந்து இரண்டு பத்தி. 1958-ல் நெப்ராஸ்காவிலிருந்து கிளிஃப்ஸ் நோட்ஸ் என்னும் நூற்சுருக்கங்கள் வரத் தொடங்கியதும், நூலைப் படிக்காமல் சுருக்கத்தைப் படித்து எழுதுவது எளிதானது. பிடிப்பது ஆசிரியரின் மூக்கைப் பொறுத்தது. 1998-ல் தொடங்கிய டர்னிட்டின் என்னும் மென்பொருள், மாணவர் எழுத்தை இணையத்தோடு ஒப்பிட்டு ஒற்றுமையை விழுக்காட்டில் காட்டியது.

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்ததும் அந்தக் கோட்டையும் விழுந்தது. ஒப்பிட மூலமே இல்லாத நகல் அது. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் அதைத் தடுத்து, மே மாதம் தடையை விலக்கின. இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பலாமா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் அவற்றிடம் கொடுத்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்லப்பட்டன. ஆகவே பல ஆசிரியர்கள் பழைய வழிக்குத் திரும்பியிருக்கிறார்கள்: வகுப்பிலேயே, பேனாவால், கண்ணெதிரே எழுதவைப்பது. வீட்டில் எழுதினால் வரைவுகளின் வரலாற்றைக் காட்டச் சொல்கிறார்கள்.

நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. கோனார் உரையில் உள்ளதை உள்ளபடி ஒப்பித்து எழுதி முழு மதிப்பெண் வாங்கிய தலைமுறை நாம். அதே வேலையை அங்கே மூலம் குறிப்பிடாமல் செய்தால், அது பள்ளி ஆவணத்தில் ஏறக்கூடிய குற்றம். அம்மாவோ அப்பாவோ கட்டுரையைத் தாங்களே மாற்றி எழுதிக் கொடுப்பதும் பல தாள்களில் அதே பட்டியலில்தான் வரும்.

கைபேசி பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆசிரியர் தனியாக நடத்திய போர் இப்போது சட்டசபைக்குப் போய்விட்டது. ஃபுளோரிடா 2023-ல் பாடவேளையில் கைபேசியைத் தடுத்தது. கலிபோர்னியா 2024-ல் எல்லாக் கல்வி மாவட்டங்களும் கட்டுப்பாடு வகுக்கச் சட்டமிட்டது. நியூயார்க்கில் 2025 கல்வியாண்டிலிருந்து, பள்ளியின் முதல் மணி தொடங்கிக் கடைசி மணி வரை தடை.

எது லாபம், எது நட்டம்?

அன்றைய வகுப்பு குறைவாகப் பேசியது, நிறையப் படிக்கவைத்தது. ஆனால் யாருக்கு என்ன நியாயம் என்பது ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்தது. இன்றைய வகுப்பில் நியாயம் எழுத்தில் இருக்கிறது. தவறாக நடத்தப்பட்ட பிள்ளை தாளைக் காட்டிக் கேட்கலாம். புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய லாபம் இல்லை. விதிகள் பெருகும் அளவுக்கு வாசிப்பு பெருகவில்லை என்பதுதான் நட்டம்.

அங்கே பிள்ளை படிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து தாமத விதியையும், எழுத்து நேர்மை பற்றிய பத்தியையும், நூல் பட்டியலையும் சேர்ந்து படியுங்கள். மதிப்பெண் தளத்தைத் தினமும் திறப்பதை விட்டுவிட்டு, பட்டியலில் உள்ள நாவல் ஒன்றை நீங்களும் படியுங்கள். எந்தப் பள்ளியும் தன் தாளில் பெற்றோரிடம் கேட்காத வேலை அது. பிள்ளைக்கு அதிகம் பயன்படுவதும் அதுதான்.